வெப்பமும் வேலைநாளும்: கண்டற்கரையில் ஒரு களநாள் பற்றிய குறிப்புகள்

சுற்றாடல் பற்றிய ஆய்வுகள் அண்மைக் காலத்திற் பெருகி வந்துள்ளன. கடலின் வெப்பநிலை, மண்ணின் உவர்த்தன்மை, காற்றின் ஈரப்பதன் ஆகியன நாடோறும் அளக்கப்பட்டு அட்டவணைகளாகின்றன. இவ்வளவைகளின் விஞ்ஞானப் பெறுமதி ஐயத்துக்கிடமற்றது. ஆயின், அவற்றைக் களத்தில் நின்று திரட்டும் உழைப்பு எத்தகையது, அவ்வுழைப்பை நல்குவோர் யாவர், அவர்களது உடல் எத்துணை வெப்பத்தைத் தாங்குகின்றது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வெப்பம் இயற்கையின் நிகழ்வு. அதனை யார், எவ்வளவு நேரம், என்ன நிபந்தனையின் கீழ்த் தாங்குவது என்பதோ சமூக உறவுகளால் தீர்மானிக்கப்படுவது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் முயற்சியே இக்கட்டுரை. 2023 ஆம் ஆண்டு யூலை மாதம் கட்டார் நாட்டின் வடகீழ்க் கரையில் நாம் கழித்த ஒரு நாளை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

நாம் அக்காலத்தில் அந்நாட்டிற் கல்வி நிறுவனமொன்றில் மொழி கற்பித்து வந்தோம். சூழலியலாளர் சிலர் கரையோரக் கண்டற்காட்டை ஆராயச் சென்றபோது, அங்குள்ள மீனவரோடும் கூலியாட்களோடும் தமிழில் உரையாட ஒருவர் தேவைப்பட்டமையால் எம்மையும் அழைத்தனர். மொழிபெயர்ப்பதே எமக்கு விதிக்கப்பட்ட பணி. அன்று நடந்தவற்றுள் எம்மை இன்றும் உறுத்துவது அம்மொழிபெயர்ப்பேயாகும்.

களம்

தோஹா நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், அல் கோர் என்னும் கடற்கரை நகரை அடுத்து, அல் தகீரா அமைந்துள்ளது. அதற்கும் வடக்கே 1990களில் எழுந்த றாஸ் லஃபான் எரிவாயுக் கைத்தொழில் நகரம் உள்ளது. பாலைநிலம் கடலைத் தொடும் இவ்விடத்தில் பச்சைப் பட்டையாகக் கண்டற்காடு நீள்கின்றது. அதன் மரம் ஒரேயொரு இனமே: எமது கரைகளிற் கண்ணா என்றும் வெண்கண்டல் என்றும் வழங்கும் அவிசென்னியா மறினா. அராபியர் இதனைக் குர்ம் என்பர். சேற்றுக்கு மேலே விரற்கடைகளாக நீட்டி நிற்கும் மூச்சுவேர்களால் இது காற்றைப் பெறுகின்றது. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகின்றது. விடியலில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும்.

பாரசீக வளைகுடா ஆழமற்ற கடல். அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 35 மீற்றர் மட்டுமே. திறந்த சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் உள்ள உவர்த்தன்மை இங்கு 40 இற்கும் மேற்படுகின்றது. ஆழமின்மையால் கோடையிற் கடல்நீர் மிகுதியாகச் சூடேறி ஆவியாகின்றது. அந்நீராவியைச் சுமந்த காற்றே கரையில் வீசுகின்றது. ஆகவே வளைகுடாக் கரையின் வெப்பம், பாலைவனம் என்றவுடன் நாம் கற்பனை செய்யும் வறண்ட வெப்பமன்று. ஈரம் நிறைந்த வெப்பம். மனித உடலைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு உயிருக்கும் சாவுக்குமிடையிலான வேறுபாடாக அமையக்கூடியது.

குழுவின் நோக்கம், கண்டற்சேற்றில் எவ்வளவு காபன் தேங்கியுள்ளதென மதிப்பிடுவது. அதற்காக ஒரு மீற்றர் நீளமான உருளைக் குழாய்களைச் சேற்றில் அடித்திறக்கி, மண்ணைக் குலையாமல் மேலிழுத்து, துண்டுகளாக வெட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். வற்றுப் பெருக்கின் நேரமே வேலையின் நேரத்தைத் தீர்மானித்தது. ஆய்வாளர் மூவர், வாகன ஓட்டுநர் ஒருவர், நாம். இவர்களோடு ஆட்களை வழங்கும் கொம்பனியொன்று அன்றைக்கென அனுப்பிய தொழிலாளர் இருவர். ஒருவர் நேபாளத்தவர். மற்றவர் எமது நாட்டின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த இளைஞர். விடுமுறைக்கு ஊர் சென்று நான்கு நாட்களுக்கு முன்னரே திரும்பியிருந்தார். குழாயை அடிப்பதும் இழுப்பதும் சுமப்பதும் இவ்விருவரின் வேலை. விடிந்து அரைமணி நேரத்துள் வேலை தொடங்கிற்று.

வெப்பத்தை அளத்தல்

உதவி ஆய்வாளர் இருவரும் மரநிழலில் ஒன்றும் திறந்த சேற்றுவெளியில் ஒன்றுமாக இரு கருவிகளை முக்காலிகளில் நிறுத்தினர். கண்டலின் நிழல் வெப்பத்தை எவ்வளவு தணிக்கின்றதென அறிவதே அவற்றின் பயன். இக்கருவி காட்டும் அளவு ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை எனப்படும். அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும்.

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை. உடலுழைப்பு மேலும் வெப்பத்தை உண்டாக்கும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை விஞ்சுமிடத்து, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக உடல் அதனிடமிருந்து வெப்பத்தைப் பெறத் தொடங்கும். அந்நிலையில் உடலுக்கு எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாதலே. ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியாகுமாயின் ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாவதில்லை, வழிந்து சொட்டுகின்றது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் நீரும் உப்பும் மட்டுமே இழக்கப்படுகின்றன.

எனவே சாதாரண வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதியதன்று. ஈரத்துணி சுற்றிய குமிழைக் கொண்ட வெப்பமானி, ஆவியாதலால் எவ்வளவு குளிர்ச்சி கிட்டும் என்பதைக் காட்டும். கறுப்புக் கோளத்தினுள் வைத்த வெப்பமானி, சூரியனின் நேர்க் கதிர்வீசலைக் காட்டும். மூன்றாவது காற்றின் வெப்பநிலையைக் காட்டும். முதலாவதன் பத்தில் ஏழு பங்கும், இரண்டாவதன் பத்தில் இரண்டு பங்கும், மூன்றாவதன் பத்தில் ஒரு பங்கும் கூட்டப்படும். ஈரத்துக்கு ஏழு பங்கு கொடுக்கப்பட்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வளவையின் வரலாறும் நோக்கத்தக்கது. 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் இராணுவப் பயிற்சி முகாம்களிற் புதிய படைவீரர் வெப்பத்தால் வீழ்ந்தமையைத் தடுக்கும் தேவையிலிருந்தே இது பிறந்தது. யாக்லோ, மினார்ட் ஆகிய இருவரும் 1957 இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படை. பயிற்றப்படும் உடல் அரசுக்கு இன்றியமையாததாக இருந்தமையால் அதன் எல்லை அளக்கப்பட்டது. பின்னர் அதே அளவை தொழிற்களங்களுக்கு வந்தது. 1982 இல் அனைத்துலக நியமமாகவும் வெளியாகிற்று.

அன்று காலை ஆறு மணியளவில் திறந்த வெளிக் கருவி ஏறக்குறைய 31 பாகையைக் காட்டியது. எட்டரை மணிக்கு ஈரக்குமிழ் 30.5 பாகை, கோளம் 47 பாகை, காற்று 37 பாகை. கணித்தால் 34.45 பாகை. உதவி ஆய்வாளர் அவ்வெண்ணைக் களக்குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதினார். நிழற்கருவியின் எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுதி, கண்டல் எவ்வளவு தணித்தது எனக் கணக்கிட்டார். அவ்வெண் சேற்றில் நின்ற இரு உடல்களையும் பற்றியது என்பது அக்கணத்தில் எவர்க்கும் தோன்றவில்லை. எமக்கும் தோன்றவில்லை.

“ஏலும்”

ஆறாவது குழாய் முடிந்தபோது இளைஞர் குழாயைப் பிடித்தபடி சற்று நேரம் அசையாமல் நின்றார். முகம் சிவந்திருந்தது. தலைமை ஆய்வாளர் அதனைக் கவனித்தார். இவரால் தொடர முடியுமாவெனக் கேட்குமாறு எம்மிடம் கூறினார். கேட்டோம்.

“ஏலும் சேர்” என்றார்.

முடியுமாம் என நாம் ஆங்கிலத்திற் கூறினோம். ஏழாவது குழாய் தொடங்கிற்று.

சொல்லளவில் இம்மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. ஈழத்துத் தமிழில் ஏலும் என்பதன் பொருள் முடியும் என்பதே. ஆனால் சொல்லின் பொருள் அது வழங்கும் சமூகச் சூழலிலிருந்து பிரிக்கத்தக்கதன்று என்பதை இலக்கிய மாணவருக்கு நாமே பலமுறை கற்பித்திருக்கின்றோம். அன்றைக்கென வரவழைக்கப்பட்ட ஒருவர், தம்மை அனுப்பிய கொம்பனியின் முன் ஒரு முறைப்பாடும் எழாதிருக்க வேண்டுமென அஞ்சுபவர், பயணச் செலவுக்குப் பட்ட கடனை இன்னும் தீர்க்காதவர், கல்வி நிறுவனத்தாரின் முன்னிலையில் இவ்வினாவுக்கு வேறு எவ்விடையைக் கூறியிருக்க முடியும்? அவர் கூறியது தம் உடலின் நிலையையன்று. தம் நிலைமையின் கட்டாயத்தை. வினாவே தவறானது. ஏலுமா எனக் கேட்ட கணமே, நிறுத்தும் பொறுப்பை, நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் நாம் சுமத்திவிட்டோம்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், குழாயைச் சுமந்து வாகனத்தை நோக்கி நடக்கையில் அவர் முழந்தாளிட்டு அமர்ந்தார். வாந்தியெடுத்தார். கால்தசைகள் இறுகிப் பிடித்திருந்தன. வாகனத்தின் நிழலிற் கிடத்தினோம். தலைமை ஆய்வாளர் ஒரு நொடியும் தயங்காது மண்மாதிரிகளுக்கென வைத்திருந்த பனிக்கட்டியை முழுவதும் கொட்டித் துணிகளிற் சுற்றிக் கழுத்திலும் கக்கத்திலும் வைக்கச் செய்தார். அன்றைய மாதிரிகள் அதனாற் பயனற்றுப் போகும் என்பதை அவர் அறிவார். இளைஞரை அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். மாலையளவில் தேறினார். தனிமனிதரின் இரக்கத்தில் அன்று குறையிருக்கவில்லை என்பதைக் கூறுதல் நியாயமாகும். ஆனால் மண்ணுக்கெனப் பனிக்கட்டி கொண்டுவரத் திட்டமிடப்பட்டிருந்தது. மனிதருக்கென எதுவும் திட்டமிடப்பட்டிருக்கவில்லை.

வாகனத்தில் இருந்தபோது அவர் எம்மிடம் மெல்லக் கூறியது ஒன்றே: “கொம்பனிக்குச் சொல்லிப் போடாதீங்க சேர்.”

மணிக்கூடும் கருவியும்

கட்டாரில் வெப்பகால வேலை பற்றிச் சட்டமில்லை எனக் கூறமுடியாது. 2007 ஆம் ஆண்டின் ஆணை, யூன் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ற் இறுதிவரை முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 3 மணி வரை திறந்தவெளி வேலையைத் தடுத்தது. 2021 மே மாத ஆணை அக்காலத்தை யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரையாகவும், நேரத்தை முற்பகல் 10 முதல் பிற்பகல் 3.30 வரையாகவும் விரித்தது. அத்தோடு, ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை 32.1 பாகையை விஞ்சுமாயின் எந்நேரமாயினும் வேலை நிறுத்தப்படுதல் வேண்டுமெனவும் விதித்தது. 2019 இல் அனைத்துலகத் தொழில் தாபனத்தோடு இணைந்து கிரேக்க நாட்டின் தெசலிப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு இதற்கு முன்னோடியாக அமைந்தது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இவ்விரு விதிகளும் ஒன்றல்ல. முதலாவது மணிக்கூட்டின் விதி. மணிக்கூடு எல்லோர் கையிலும் உள்ளது; பத்து மணி என்பதைத் தொழிலாளியும் அறிவார். இரண்டாவது கருவியின் விதி. கருவி அதனை வாங்கியவரிடமே உள்ளது. அதன் எண்ணை வாசிப்பவரும் அவரே. அன்று எட்டரை மணிக்கே சட்டத்தின் எல்லை கடக்கப்பட்டுவிட்டது. எண் குறிப்பேட்டில் இருந்தது. ஆனால் மணிக்கூட்டின்படி பத்தாவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாமனைவரும் மணிக்கூட்டையே நம்பினோம்.

எல்லையெனக் குறிக்கப்பட்ட எண்ணும் ஆராயத்தக்கதே. அனைத்துலக நியமம், வெப்பத்துக்குப் பழகிய உடல் நடுத்தர உழைப்பை இடையறாது செய்வதற்கு 28 பாகையையும், கடின உழைப்புக்கு அதிலும் குறைந்த அளவையும் உசாத்துணையாகக் கொள்கின்றது. அதற்கு மேல் ஓய்வு இடையிடல் வேண்டும். பழகிய உடல் என்னும் நிபந்தனையும் முக்கியமானது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று அல்லது இரண்டு கிழமைகள் வேண்டும். சில கிழமைகள் விலகியிருந்தால் அப்பழக்கம் குன்றிவிடும். விடுமுறையிலிருந்து திரும்பி நான்கே நாட்களான எமது இளைஞர் சட்டத்தின் பார்வையில் அனுபவமிக்க தொழிலாளி. உடலியலின் பார்வையிற் புதியவர்.

மனித உடலுக்கு ஒரு கோட்பாட்டளவிலான எல்லை உண்டு என்பதை 2010 இல் ஷேர்வுட், ஹியூபர் ஆகியோர் எடுத்துக்காட்டினர்: ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையானால் நிழலிற் சும்மா இருக்கும் உடலும் நெடுநேரம் தாங்காது. 2022 இல் இளம் வயதினரைக் கொண்டு நடத்திய பரிசோதனைகள், மெய்யான எல்லை அதனினும் பல பாகைகள் தாழ்ந்தது எனக் காட்டின. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, கட்டாரில் நேபாளத் தொழிலாளரிடையே இதயநோயால் நிகழ்ந்த சாவுகள் வெப்பமிக்க மாதங்களோடு நெருங்கிய தொடர்புடையன என நிறுவிற்று. உழைக்கும் வயதினர் இவ்வாறு மாளும்போது சான்றிதழில் இதயம் நின்றது என்று மட்டும் எழுதப்படுமாயின், இதயத்தை நிறுத்திய காரணம் பதிவின் வெளியே நின்றுவிடும்.

1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை இவ்விடத்து நினைவுகூரல் தகும். வேலைநாளுக்கு உடலால் அமையும் எல்லையொன்றும் சமூகத்தால் அமையும் எல்லையொன்றும் உண்டென்றும், இரண்டும் நெகிழ்வானவையென்றும், எல்லை எங்கே வரையப்படும் என்பது வர்க்கங்களின் போராட்டத்தால் முடிவாகும் என்றும் மார்க்ஸ் விளக்கினார். பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளே அவருக்குச் சான்றாக உதவின. அங்கே சர்ச்சை மணித்துளிகளைப் பற்றியது. இன்று அதனோடு பாகைகளும் சேர்ந்துள்ளன. மனிதனுக்கும் இயற்கைக்குமிடையிலான அனுசேபமே உழைப்பு என்பது அவரது கருத்து. நிலத்தடி எரிபொருளை எரித்து உலகு சூடேறுவதும், அவ்வெரிபொருளால் செல்வமெய்திய கரையில் அவ்வெப்பத்தைக் கடல்கடந்து வந்த கூலித்தொழிலாளி தாங்குவதும், தேங்கிய காபனை அளக்கும் ஆய்வுக்கே அவர் உடல் உழைப்பதும் அவ்வனுசேபத்தின் இன்றைய வடிவமாகும்.

பதிவேட்டின் புறத்தே

அன்று மாலை களக்குறிப்பேட்டைப் பார்த்தோம். ஏழாவது மாதிரிக்கு நேரே “பணி இடைநிறுத்தம், காரணம்: வானிலை” என எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் எதையும் மறைக்க எண்ணியவரல்லர். குறிப்பேட்டில் வேறு காரணத்தை எழுதுவதற்கு இடமிருக்கவில்லை.

இத்தகைய இடமின்மை பழையது. அக்கண்டல் மரத்தின் விஞ்ஞான வரலாறே அதற்குச் சான்று. 1761 இல் டென்மார்க் அரசு அராபியாவுக்கு அனுப்பிய ஆய்வுப் பயணத்தில் அறிஞர் ஐவரும் பணியாளர் ஒருவரும் சென்றனர். மொழியறிஞரான வொன் ஹாவன் 1763 இல் மொக்கா நகரில் மாண்டார். தாவரவியலாளரான போர்ஸ்கால் அதே ஆண்டு யெமனில் யரீம் என்னுமிடத்தில் மலேரியாவால் இறந்தார். ஓவியர் பவரன்பைண்டும் பணியாளர் பெர்க்றனும் பம்பாய் செல்லும் வழியிற் கடலில் மடிந்தனர்; வைத்தியர் கிறாமர் பம்பாயில் இறந்தார். நீபூர் ஒருவரே 1767 இல் நாடு திரும்பினார். போர்ஸ்காலின் தாவரக் குறிப்புகளை 1775 இல் அவரே பதிப்பித்தார். இக்கண்டலின் விவரணம் அந்நூலில் உள்ளது. மரத்தின் முழுப் பெயரில் போர்ஸ்காலின் பெயர் இன்றும் ஒட்டி நிற்கின்றது. அது அவருக்கு உரியதே. சுமை தூக்கியவர், சமைத்தவர், ஒட்டகம் ஓட்டியவர் ஆகியோருக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை.

எமது இலக்கண மரபும் இதற்கு விலக்கன்று. நண்பகலும் வேனிலும் பாலைக்குரிய பொழுதுகள். பிரிவு அதன் உரிப்பொருள். பொருள் தேடிச் செல்லும் தலைவனின் பிரிவு அதில் முதன்மையானது. அகநானூற்றின் நானூறு பாடல்களிற் சரிபாதி பாலைக்குரியன. வெப்பமும் பொருளீட்டலும் பிரிவும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை அம்மரபு நுட்பமாகக் கண்டிருந்தது. ஊரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வந்த எமது இளைஞரின் வாழ்வு அம்மூன்றினாலும் ஆனது. ஆனால் தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணையின் மையத்திற் கொள்ளவில்லை; அதற்குப் புறத்தே அவர்களுக்கு இடமளித்தது. கைக்கிளை, பெருந்திணை என உரைகாரர் அவ்விடத்தை விளக்குவர். வெயிலில் வேலை செய்வோர் வெயில் பற்றிய பாடலுக்குத் தலைவராக முடியவில்லை. திணைக் கோட்பாட்டைச் சமூக வளர்ச்சியோடு பொருத்தி ஆராய்ந்த பேராசிரியர் சிவத்தம்பி போன்றோர் காட்டிய வழியிற் சென்றால், இவ்விலக்கு அக்காலச் சமூகப் பிரிவினையின் பதிவே என்பது புலனாகும்.

முடிவுரை

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? களஆய்வு என்பதும் ஓர் உழைப்புச் செயன்முறை. ஆகவே அதன் பதிவேடு மண்ணையும் நீரையும் பற்றி எழுதுவதோடு, அவற்றை அகழ்ந்தவரின் வேலைநேரம், ஓய்வு, அவர் நின்ற இடத்தின் வெப்பம் ஆகியவற்றையும் எழுதுதல் வேண்டும். கருவியின் எண் தொழிலாளியின் கண்ணுக்கும் தெரிதல் வேண்டும். எல்லை கடந்ததும் வேலை தானாகவே நிற்றல் வேண்டும். ஏலுமா என எவரையும் கேட்கக்கூடாது. நின்றதற்காகக் கூலி குறையவும் கூடாது. இறுதியாகக் கூறியது இல்லையெனில் ஏனையவை காகிதத்திலேயே இருக்கும்.

எமது வேண்டுகோளின் பேரிற் குழுவினர் குறிப்பேட்டில் ஒரு புதிய நிரலைச் சேர்த்தனர். நிழற்கூடாரமொன்றும் வாங்கினர். தலைமை ஆய்வாளர் எழுதிய அறிக்கையில் நடந்தது நடந்தவாறே இடம்பெற்றது. அடுத்த கிழமை அக்கரைக்கு மீண்டும் சென்றோம். நேபாளத்தவர் வந்திருந்தார். எமது இளைஞருக்குப் பதிலாக வேறொருவரைக் கொம்பனி அனுப்பியிருந்தது. காரணம் கேட்டோம், அவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டதாக மட்டும் ஓட்டுநர் கூறினார். புதிதாக வந்தவரும் தமிழ் பேசுபவரே. நாட்டுக்கு வந்து எத்தனை நாள் எனக் கேட்டோம். இரண்டு என்றார். அன்று அவரைக் குழாயைத் தொட விடவில்லை. புதிய நிரலில் முதன்முதலாக எழுதப்பட்டது அந்த இரண்டு என்னும் எண்ணேயாகும்.